பீரங்கி வெளியும் பந்து வெளியும்: காலிமுகத்திடலை மாத்தளையிலிருந்து வாசித்தல்

காலிமுகத்திடலைப் பற்றி எழுதுவோர் பலரும் அதைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் கொழும்புக்கு அளித்த கொடையாகவே காட்டுவர். கடலோரம் நிற்கும் நினைவுக்கல்லும் அதற்கு இடம் கொடுக்கிறது. 1856இல் தொடங்கி 1859இல் முடிந்த நடைபாதையைக் கொழும்பின் சீமாட்டிகளுக்காகவும் குழந்தைகளுக்காகவும் தமக்குப் பின் வருவோர் பேணவேண்டும் என்று வார்ட் அதில் பரிந்துரைக்கிறார். அந்தக் கல்லை முழு வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். திடல் கட்டடங்களால் நிரம்பாமல் தப்பியதற்குக் கோட்டையின் பீரங்கி காரணம். அதன் செலவைத் தாங்கிய வருவாயில் மலைநாட்டுக் கோப்பிக்குப் பெரும்பங்கு உண்டு. அதைப் பொதுமக்களின் இடமாக்கியவர்களோ அங்கே பந்து உதைத்தவர்களும் உரிமை கேட்டு உட்கார்ந்தவர்களுமே.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கடலோரக் கேளிக்கைத் தோட்டம் பெரும்பாலும் வணிக முயற்சி. பிளாக்பூல் நகரின் ரைக்ஸ் ஹால் தோட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 1870களின் தொடக்கத்தில் ஒரு கம்பனி அதை நடத்தத் தொடங்கியது. காசு கொடுத்தவர்களே உள்ளே போகலாம். நடன மண்டபம், வாணவேடிக்கை, ஏரி எல்லாம் இருந்தன. 1888 முதல் பிளாக்பூல் உதைபந்தாட்டக் கழகம் அங்கே ஆடியது. 1896இல் அக்கழகம் லீக்கில் சேர்ந்தபோதும் அதுவே அதன் சொந்த மைதானம். நிலத்தின் விலை ஏறியதும் கம்பனி கணக்குப் பார்த்தது. 1901இல் தோட்டம் மூடப்பட்டது. இன்று அங்கே வீதிகளும் வீடுகளும்தான். ஆட்டமும் கேளிக்கையும் எவ்வளவு செழித்தாலும், நிலம் தனியார் முதலாக இருக்கும்வரை அந்த இடத்துக்கு ஆயுள் உத்தரவாதம் கிடையாது. பின்னால் மாத்தளைத் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

காலிமுகத்திடலின் கதை வேறு. ஒல்லாந்தர் காலத்தில் அது கோட்டையின் தெற்கு முகப்பு. காலி வீதி வழியாக வரும் எதிரி மறைந்துகொள்ள மரமோ சுவரோ இருக்கக்கூடாது. குண்டு தடையின்றிப் பாயவேண்டும். அதனால் அந்த வெளி வெறுமையாக வைக்கப்பட்டது. ஆங்கிலேயர் வந்தபின் அதே வெறுமை குதிரைப் பந்தயத்துக்குக் கைகொடுத்தது. 1869இல் கோட்டை மதில்கள் இடிபடத் தொடங்கியபோது பீரங்கிக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆனால் அதற்குள் வெள்ளையர் சமூகம் அந்தப் புல்வெளியைத் தன் மாலைநேர முற்றமாக்கிக்கொண்டிருந்தது. 1864இல் தெற்கு முனையில் காலிமுக ஹோட்டல் எழுந்தது. 1871இல் கொழும்பு கிளப் வந்தது. பந்தயம் பார்க்கும் மேடையாகவும் அந்தக் கட்டடம் பயன்பட்டது. கொழும்பு கோல்ஃப் கழகமும் தன் முதல் ஆண்டுகளை அங்கேதான் கழித்தது. சென்னையில் கிராண்ட் டஃப் மெரினா நடைபாதையை அமைத்தது இதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 1880களில்தான்.

அப்போது திடலில் நடந்தவர்கள் யார்? கல்லில் சொல்லப்படும் சீமாட்டிகளுக்குள் கொம்பனித்தெருவின் மலாய்ப் பெண்கள் அடங்குவார்களா? மாத்தளையில் கோப்பி பறித்த பெண்கள் அடங்குவார்களா? அவர்களை மனத்தில் வைத்து அந்தப் பரிந்துரை எழுதப்பட்டது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. 1880இல் றோயல், புனித தோமையார் கல்லூரிகளின் மாணவர் அணிகள் கிரிக்கெட்டில் முதன்முதலாக மோதியது காலிமுகத்தில்தான், இன்று தாஜ் சமுத்ரா ஹோட்டல் நிற்கும் பக்கத்தில். ஆட்டக்காரர்கள் பேரை வாவியைப் படகில் கடந்து வந்ததாகப் பள்ளி மரபு சொல்கிறது. 1890களில் பிரித்தானியப் படையினர் அந்தப் புல்லில் உதைபந்து ஆடினார்கள். இலங்கை உதைபந்தாட்டத்தின் பதிவான வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. கிரிக்கெட் மேட்டுக்குடிப் பள்ளிகளோடு நெடுங்காலம் தங்கிவிட்டது. உதைபந்து அப்படித் தங்கவில்லை. ஒரு பந்தும் கொஞ்சம் வெளியும் போதும் என்பதால், பக்கத்துக் கொம்பனித்தெருவின் சந்துகளுக்கு அது விரைவாகப் போய்ச் சேர்ந்தது. ஜாவா லேன் கழகம் பிறந்தது அந்தச் சூழலில்தான். சீமாட்டிகளின் நடைவெளி நகர ஏழைகளின் கைக்கு மாறியதில் வார்ட்டின் பரிந்துரையைவிட அந்தப் பந்துக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

இனி மாத்தளை. கடலில்லாத இம்மாவட்டத்துக்கும் அந்தக் கடலோரத்துக்கும் உள்ள உறவு கணக்கேட்டில் இருக்கிறது. வார்ட் ஆண்ட 1855 முதல் 1860 வரையான ஆண்டுகள் கோப்பி பெருகிய ஆண்டுகள். ரயில்பாதை வேலையை 1858இல் தொடங்கி வைத்தவரும் அவரே. அந்தப் பாதை 1867இல் கண்டியையும் 1880இல் மாத்தளையையும் எட்டியது. அதற்கு முன்பு, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தோணியில் வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் அந்தப் பாதையில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின. வார்ட்டும் சென்னை ஆளுநராகப் போன 1860ஆம் ஆண்டிலேயே வாந்திபேதியால் இறந்தார். அவருக்குக் கண்டியில் சிலை உண்டு. பாதையோரம் விழுந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

வரலாற்றாசிரியர் சிலர் இந்த உறவை மறுக்கலாம்: நடைபாதைக்குச் செலவான தொகை சிறிது, அதைக் கோப்பியோடு கட்டுவது மிகை என்று. தொகை சிறிதென்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் கொழும்பில் நடைபாதை போட, ஹோட்டல் கட்ட, பந்தயம் நடத்த ஒரு சமூகத்துக்கு ஓய்வும் பணமும் இருந்தன என்றால், அந்த ஓய்வை உண்டாக்கியது யாருடைய வேலை என்ற கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது.

தமிழருக்குக் காலிமுகத்திடல் விளையாட்டு வெளியாக மட்டும் நினைவில் நிற்பதில்லை. 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்கள மசோதாவுக்கு எதிராகச் செல்வநாயகமும் தமிழரசுக் கட்சியினரும் அந்தப் புல்லில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர் அவர்களை அடித்தார்கள், பொலிஸார் தடுக்கவில்லை. எதிரே நின்ற பாராளுமன்றக் கட்டடம் இன்று ஜனாதிபதி செயலகம். அதே கட்டடத்தின் முன்னால்தான் 2022 ஏப்ரல் 9ஆம் திகதி ‘அரகலய’ போராட்டத்தின் இளைஞர் கூடாரம் அடித்தார்கள். அவ்வாண்டு மே 18இல் அங்கே முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டது, கஞ்சியும் பகிரப்பட்டது. சட்டப்படி நிலம் அரசுடையது என்பதால் மட்டும் அது பொதுவெளியாகிவிடவில்லை. அடிபட்டவர்களும் திரும்பி வந்தவர்களும் சேர்ந்து நிலைநாட்டிய உரிமை அது. இன்று எஞ்சியிருப்பது 5 ஹெக்டேயர் அளவு மட்டுமே. வடக்கே 269 ஹெக்டேயர் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழுந்திருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பட்டம் விடவும் இறால் வடை தின்னவும் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மீண்டும் மாத்தளைக்கு வருவோம். இங்கே நகரத்துப் பிள்ளைக்குப் பேர்னாட் அலுவிகாரே விளையாட்டரங்கு இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளையின் நிலை வேறு. லயத்துக்குக் கீழே, சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கித் தேடவேண்டும். கோல் கம்பம் பெரும்பாலும் மூங்கில். பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றும் குறைவில்லை; குறை அந்த நிலத்தின் உரிமையில் இருக்கிறது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. விளையாடும் துண்டு நிலமும் கம்பனியின் கைக்குள்தான். நிர்வாகம் நினைத்தால் அதில் கன்று நடலாம். ரைக்ஸ் ஹாலுக்கு நேர்ந்தது இங்கே ஒரு காகிதத்தில் முடிந்துவிடும்.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபைகள் பணம் செலவிடுவதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தத் தடையை நீக்க வழி திறந்தது. மாத்தளை மாவட்டத்துப் பிரதேச சபைகள் அந்த வழியைப் பயன்படுத்தி, தத்தம் எல்லைக்குட்பட்ட தோட்டத்து மைதானங்களை அளந்து, கம்பனிகளின் குத்தகையிலிருந்து பிரித்து, பொது விளையாட்டிடங்களாகப் பதிவுசெய்ய வேண்டும். இதை அடுத்த சபைக் கூட்டத்தில் கேள்வியாக எழுப்புமாறு மலையகப் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.