பெயர்த்தாள் அழிந்தபின் எஞ்சும் எண்: அந்தமானில் ஓர் இசைத்தட்டு

போர்ட் பிளேரில் (இன்றைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) களப்பணியில் இருந்தபோது, மூன்று தலைமுறைகளாகத் தீவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தார் தகரப் பெட்டியிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்துக் காட்டினர். பத்து அங்குல அரக்குத் தட்டு. நடுவிலிருந்த பெயர்த்தாளை இராமபாணப் பூச்சி முற்றிலும் தின்றிருந்தது. பாடியவர் யார், எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்பதற்கு ஓர் எழுத்தும் மிச்சமில்லை. "செல்லுலார் சிறையில் வேலை பார்த்த எங்கள் முன்னோர் கொண்டுவந்தது" என்பது குடும்ப வழக்கு. அம்முன்னோர் 1921இல் மறைந்தார். அப்பெரியவர் நினைவாகவே தட்டு இத்தனை காலம் காக்கப்பட்டு வந்தது.

பெயர்த்தாள் போய்விட்டால் தட்டு ஊமையாகிவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. பெயர்த்தாளுக்கும் ஒலிவரிகளுக்கும் இடைப்பட்ட வழுவழுப்பான வளையத்தைச் சாய்ந்த ஒளியில் பார்த்தால், அரக்கிலேயே பதிந்த ஓர் எண் தெரியும். அதுவே மேட்ரிக்ஸ் எண், அதாவது அச்சு எண். பெயர்த்தாளில் உள்ள பட்டியல் எண் கடைக்காரருக்கும் வாங்குவோருக்கும் உரியது. அச்சு எண்ணோ தொழிற்கூடத்தார் தமக்குள் வைத்துக்கொண்ட கணக்கு. வணிகப் பெயர் மாறலாம், பெயர்த்தாளின் நிறம் மாறலாம். ஒலி பதிந்தபோது இட்ட எண் பொதுவாக மாறுவதில்லை.

இதன் காரணம் செய்முறையில் இருக்கிறது. மெழுகுத் தட்டில் பாடல் பதிவானதும் அதன் ஓரத்தில் எண்ணைக் கீறுவர். அம்மெழுகின்மேல் மின்முலாம் பூசி உலோக எதிர்ப்படிவம் எடுப்பர்; அதிலிருந்து தாய் அச்சு; தாயிலிருந்து அழுத்தும் அச்சு. சூடாக்கிய அரக்குக் கலவையை அவ்வச்சு அழுத்தும்போது பாட்டோடு எண்ணும் பதிந்துவிடும். பதிவு செய்த ஊர் ஒன்று, அச்சிட்ட ஊர் வேறொன்று என்ற நிலையில் இவ்வடையாளம் இன்றியமையாதது. 1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பதிவு செய்த பாடல்கள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தன. கௌஹர் ஜான் தம் பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தம் பெயரை உரைத்தது, மொழியறியாத அத்தொழிலாளர் தட்டை இனங்காண வேண்டும் என்பதற்காகவே என்பர்.

1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்கூடம் அமைந்தது; பின்னர் அது டம்டம்முக்கு மாறியது. சொந்தத் தொழிற்கூடம் இல்லாத வணிகர்கள் பாடலைப் பதிவு செய்து, பிறர் கூடத்தில் தம் பெயரிட்டு அச்சடித்துப் பெறும் ஒப்பந்த அச்சு முறை 1930களில் பெருகியது. ஜிதேந்திரநாத் கோஷின் மெகாபோன் தட்டுகள் டம்டம்மில் இவ்வாறு அச்சானவை. அவற்றின் பட்டியல் எண்ணுக்கு முன் நிற்கும் 'ஜே.என்.ஜி.' அவருடைய பெயரின் முதலெழுத்துகளே. சென்னையில் ஏ. வி. மெய்யப்பன் திரைத்துறைக்கு வருமுன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை விற்றது. ஆகவே தட்டில் காணும் பெயர் விற்றவரைச் சொல்லுமேயன்றி, அச்சிட்டவரைச் சொல்லும் என்று கொள்ளலாகாது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் பிறருக்காக அச்சிட்ட வினைல் தட்டுகளிலும் இதே நிலைதான். அங்கே அச்சு எண்ணின் முதலெழுத்தே ஆண்டைக் காட்டிவிடும்: 1961க்கு எம், 1962க்கு என், 1963க்கு பி, 1964க்கு ஆர். குழப்பம் தரும் ஓ, கியூ ஆகிய எழுத்துகளை விட்டுவிட்டனர்.

கிராமபோன் கம்பெனித் தட்டுகளில் ஆண்டெழுத்து இல்லை. ஆனால் அச்சு எண்ணை அடுத்து ஒரு சிறு வடிவம் காணப்படுவதுண்டு. 1925 வரை பாடகர் ஒரு பெரிய கொம்பினுள் பாடினார். மின்சாரத்துக்கு அதில் இடமில்லை. அவ்வாண்டில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஒலிவாங்கி முறை வணிகத்துக்கு வந்தது. அம்முறையைப் பயன்படுத்தியதற்கு உரிமத்தொகை தர வேண்டியிருந்ததால், அம்முறையில் பதிந்த தட்டுகளில் ஒரு முக்கோணம் இட்டனர். 1931இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆயின. ஆலன் புளூம்லைன் உருவாக்கிய சொந்த முறை அவ்வுரிமத்தொகையைத் தவிர்த்தது. அதன் அடையாளம் சதுரம். கொலம்பியாத் தட்டுகளில் இவற்றுக்கு ஈடாக வட்டத்தினுள் 'டபிள்யூ', வட்டத்தினுள் 'சி' என்ற குறிகள் நிற்கும். பணக் கணக்குக்காக இட்ட குறி, இன்று நமக்குக் காலக் கணக்காகிறது.

போர்ட் பிளேர்த் தட்டுக்கு வருவோம். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது எண்ணின் வலப்புறம் முக்கோணம் தெளிவாகத் தெரிந்தது. எனில் அப்பாடல் 1925க்கு முன் பதிவானதாக இருக்க இயலாது. 1921இல் மறைந்தவர் அதைக் கொண்டுவந்திருக்கவும் இயலாது.

இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருந்தது. ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை ஒரு குறியைக் கொண்டு கலைக்கும் உரிமை ஆய்வாளனுக்கு உண்டா என்ற கேள்வி எழாமலில்லை. ஆயினும் சொன்னேன். வீட்டின் மூத்த அம்மையார் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இது தாத்தா கொண்டாந்தது இல்ல தம்பி. எங்கம்மா கல்யாணமாகி ராமநாதபுரத்துலேந்து கப்பல்ல வந்தப்போ கொண்டாந்ததா இருக்கும். அம்மாவுக்குப் பாட்டுன்னா உசுரு" என்றார். அவருடைய தாயார் தீவுக்கு வந்தது 1930களில். அதுவரை அத்தாயாரைப் பற்றி அவ்வீட்டில் எவரும் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. தட்டு அவருடையதுதான் என்று அச்சு எண் மெய்ப்பிக்கவில்லை. தாத்தாவுடையது அன்று என்று மட்டுமே அது காட்டியது. அந்த மறுப்பே ஒரு பெண்ணின் பெயரை உரையாடலுக்குள் கொண்டுவந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அச்சு எண் ஒலி பதிந்த காலத்தைக் காட்டுமேயன்றி, கையிலிருக்கும் படி அச்சான காலத்தையோ வாங்கிய காலத்தையோ காட்டாது. பழைய அச்சிலிருந்து பல்லாண்டுகள் கழித்தும் தட்டு எடுக்கலாம். ஆகவே முக்கோணம் இருந்தால் 1925க்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் தட்டு அதற்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. பின்வந்த வினைல் தட்டுகளில் இன்னும் நுணுக்கமான குறிகள் உண்டு. இங்கிலாந்தின் ஹேய்ஸில் ஈ.எம்.ஐ. அச்சிட்ட தட்டுகளில், 'கிராமபோன் லிமிடெட்' என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளை எண்களாக்கி அழுத்தும் அச்சின் வரிசையைக் குறித்தனர்: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. இரண்டும் சேர்ந்து 'ஜி.ஆர்.' என்றிருந்தால் அது 12ஆம் அச்சு.

இத்தனை சிறிய குறிகளை ஏன் துருவ வேண்டும்? அந்தமான் நிக்கோபாரில் தமிழர் வரலாற்றுக்கு எழுத்துச் சான்று குறைவு. 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில் ஆவணங்கள் பல அழிந்தன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் ரப்பர்த் தோட்டத் தொழிலாளராகக் குடியேறிய கச்சால் தீவை 2004 ஆழிப்பேரலை சூறையாடியது. காகிதம் கரையும் இம்மண்ணில் அரக்கில் பதிந்த எண் நிலைத்து நிற்கிறது. யார் எப்போது எதைக் கேட்டு வாழ்ந்தனர் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

ஆகவே, தீவுகளிலும் தாயகத்திலும் உள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்த்தாள் போன தட்டைக் குப்பையில் எறியாதீர்கள். அதைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, நடு வளையத்தை இருபுறமும் படமெடுங்கள். படத்தோடு அத்தட்டைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாகப் பாட்டிமார், சொல்வதையும் எழுதி வையுங்கள். எண்ணும் நினைவும் ஒன்றையொன்று மறுக்கும் இடத்தில்தான் நாம் இதுவரை கேட்காத கதை இருக்கக்கூடும்.