பழைய இரும்பும் அப்பாவின் மண்வெட்டியும்



2006 முதல் எங்கள் வீட்டு வாசலில் நின்ற மஞ்சள் வண்டியைப் போன வாரம் கேஸ் கட்டரால் துண்டு போட்டு, பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஊரில் சிலர் "நல்ல விலையா சார்?" என்று கேட்டார்கள். விலை பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் வரலாற்று வாத்தியாராக 34 வருடம் இருந்தவன், தன் வாசலில் நின்ற வரலாற்றை எழுதாமல் விடக் கூடாது அல்லவா?

நம் ஊரில் மண் அள்ளுகிற வண்டி எதுவானாலும் அதற்கு ஜேசிபி என்றுதான் பெயர். அது ஒரு மனிதரின் பெயர்ச்சுருக்கம் என்பது பலருக்குத் தெரியாது. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1945-இல் இங்கிலாந்தின் யூட்டாக்ஸிட்டர் என்ற சிறு நகரத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகையில் தொழில் தொடங்கினார். போரில் மிஞ்சிய இரும்பை வைத்து, பாரத்தைக் கவிழ்த்துக் கொட்டும் டிரெய்லர் ஒன்றைச் செய்து 45 பவுண்டுக்கு விற்றார். 1953-இல் முன்னால் அள்ளும் வாளியையும் பின்னால் தோண்டும் கையையும் ஒரே டிராக்டரில் பொருத்தினார். 1957-இல் அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் இரண்டையும் தொழிற்சாலையிலேயே சேர்த்துக் கட்டிய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1979-இல் பாம்ஃபோர்டின் நிறுவனம் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அரியானாவின் பல்லப்கரில் காலூன்றியது. அங்கிருந்துதான் இந்தப் பெயர் நம் கிராமங்கள் வரை வந்தது.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். கிடைக்காததை இனிச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா மண் வேலைக்காரர். 12 பேர் கொண்ட ஒரு செட்டுக்குத் தலைவர். கண்மாய்க் கரை, ஊருணி, கிணறு என்று புதுக்கோட்டைச் சீமையில் அவர்கள் மண்வெட்டி படாத ஊர் குறைவு. பத்தடிக்குப் பத்தடி, ஓரடி ஆழம் வெட்டினால் நூறு கன அடி, ஒரு யூனிட். கூலி அந்தக் கணக்கில்தான். வெட்டும்போது நடுவில் ஒரு சிறு மண்திட்டை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. அளந்து முடித்த பிறகுதான் அதை எடுப்பார்கள். பள்ளிக்கூடம் போகாத அப்பாவுக்காக, எட்டாம் வகுப்பிலிருந்து அந்தக் கணக்கை எழுதியது நான். அந்தக் கூலியில்தான் படித்தேன்.

2006-இல் தம்பி வந்து, "அண்ணே, பழைய வண்டி ஒண்ணு விலைக்கு வருது" என்றான். 12 வருடம் ஓடிய வண்டி. நான் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்துக் கொடுத்தேன். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது அப்பாவின் செட்டை நான் நினைக்கவே இல்லை. இதை இன்றுதான் வெளியில் சொல்கிறேன்.

வண்டிக்கு முதல் வேலை எங்கள் ஊர் ஊருணி. அப்பாவின் செட்டு ஒரு பஞ்ச காலத்தில் 20 நாளுக்கு மேல் வெட்டிய அதே ஊருணி. வண்டி ஒன்றரை நாளில் தூர் எடுத்து முடித்தது. அப்பா கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் என்னிடம், "நல்லாத்தான் வெட்டுது. ஆனா மத்தியானம் இதுக்கு யாரும் சோறு கொண்டு வரலையேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. 12 தூக்குச்சட்டி வந்த கரையில் அன்று ஆபரேட்டருக்கு ஒரு பொட்டலம்தான் வந்திருந்தது. அவர் பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வருடம்தான், 2005-இல், ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்திருந்தது. ஒப்பந்தக்காரர் கூடாது, ஆட்களின் வேலையைப் பறிக்கும் இயந்திரத்தைக் கூடியவரை பயன்படுத்தக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2008-க்குள் அது நாடு முழுக்கப் பரவியது. பிறகு எங்கள் சித்தி காலையில் மண்வெட்டியோடு நூறு நாள் வேலைக்குப் போவார். அதே நேரத்தில் அதே தெருவிலிருந்து தம்பியின் வண்டியும் கிளம்பும். ஒரே குடும்பத்தில் இரண்டு வரலாறு நடந்துகொண்டிருந்தது.

பழைய வண்டி வைத்திருப்பது நோயாளியை வீட்டில் வைத்திருப்பது மாதிரி. தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். ஒரு வாரம் சோம்பினால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, வட்டமான துளை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் பக்கெட் ஆடும். துளையை வெல்டிங்கில் நிரப்பி, மறுபடி சரியாகக் கடைய வேண்டும். ராத்திரி தூக்கி நிறுத்திய கை காலையில் தானாக இறங்கியிருந்தால், பெரும்பாலும் சிலிண்டருக்குள் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஆயில் பால் மாதிரி வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சம்பாதித்ததில் பாதி இப்படியே போனது. தப்பு வண்டியுடையது அல்ல, வயதுடையது. கொஞ்சம் எங்கள் சோம்பலும் உண்டு.

ஒருநாள் பூமுக்குப் போகும் ஹோஸில் எங்கேயோ கசிவு. கண்ணுக்குத் தெரியவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்பி விரலால் தடவிப் பார்க்கப் போனான். "அண்ணே, கைய எடுங்க!" என்று மெக்கானிக் கத்தினார். அவர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். ஒரு அட்டையை எடுத்துக் குழாய் ஓரமாக நீட்டினார். அட்டையில் ஊசி குத்தியது போல ஒரு துளை! கார் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார். இந்த வண்டியின் ஆயில் 200 பாருக்கும் மேல் வேலை செய்கிறது. அந்த ஆயில் தோலுக்குள் புகுந்தால் வெளியில் சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகும். "பாஸ்கல் விதி, சார். படிக்கும்போது புரியல, இப்பப் புரியுது" என்று சிரித்தார். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பாஸ்கல் சொன்னதை, 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா அழுத்து இயந்திரமாக்கிக் காப்புரிமை வாங்கினார். அந்த அறிவு என் தம்பியின் விரலைக் காப்பாற்றியது ஒரு துண்டு அட்டை வடிவத்தில். அட்டையை நீட்டியவர் பெயரை எந்த வரலாற்றுப் புத்தகமும் எழுதாது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கடந்தாலும் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளையும் சாய்த்துவிட்டுத்தான் போனது. ரோடு தெரியவில்லை, மின்சாரம் இல்லை. பட்டறை ஓடாததால் தேய்ந்த பின்னை மாற்ற வழியில்லை. கழற்றிப் போட்டிருந்த பழைய பின்னில் தகரத்தைச் சுற்றி அடித்து இறக்கினார் மெக்கானிக். வண்டி கிளம்பியது. ஆனால் சிக்கிக் கிடந்த மரத்தை வண்டி மட்டும் எடுத்துவிட முடியாது. யாராவது கோடரியால் துண்டு போட வேண்டும். அப்பாவின் செட்டில் மிஞ்சியிருந்த நாலு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், கோடரியும் ரம்பமுமாக வந்தார்கள். அவர்கள் வெட்ட, தம்பி தள்ள, மூன்றாம் நாள் பால் வண்டி ஊருக்குள் வந்தது. அன்று மத்தியானம் எல்லோருக்கும் ரோட்டிலேயே சோறு. அதைப் பார்க்க அப்பா இல்லை.

இதனால் நாங்கள் வாங்கிய வண்டி செய்தது சரி என்று ஆகிவிடாது. அந்தச் செட்டில் மூன்று பேர் பிழைப்புத் தேடித் திருப்பூர் போனது உண்மை. தம்பியின் இரண்டு பிள்ளைகள் பட்டதாரிகளானதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் அது வரலாறு. ஒன்றை மட்டும் எழுதினால் விளம்பரம், மற்றதை மட்டும் எழுதினால் புலம்பல்.

என் மாணவர்களில் ஆபரேட்டராகவும் மெக்கானிக்காகவும் பலர் இருக்கிறீர்கள். கசிவைக் கையால் தேடாதீர்கள். தூக்கி நிறுத்திய பூமுக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் படுக்காதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் மண் வெட்டிய தாத்தாவோ மண் சுமந்த பாட்டியோ இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரையும், வேலை செய்த குளத்தின் பெயரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் அப்பாவின் செட்டில் இருந்த 12 பேரையும் எழுதிவிட்டேன். அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்