சுவரான கரிமம்: துளைச் சிலிக்காவின் வரலாறு குறித்து

துளையுள்ள சிலிக்காவின் வரலாற்றை 1992இல் தொடங்குவது பாடநூல் வழக்கம். அவ்வாண்டு மொபில் நிறுவன ஆய்வாளர்கள் எம்.சி.எம்.-41 என்னும் பொருளை 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். சோப்பைப் போன்ற மூலக்கூறுகள் நீரில் உருளைகளாகத் திரள, அவற்றைச் சுற்றிச் சிலிக்கா இறுகுகிறது. பின்னர் அம்மூலக்கூறுகளை எரித்து நீக்கினால், சில நானோமீட்டர் அகலமுள்ள துளைகள் தேன்கூட்டு ஒழுங்கில் எஞ்சுகின்றன. ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர்.

ஆனால் இதன் செய்முறை 1971இல் வழங்கப்பட்ட ஓர் அமெரிக்கக் காப்புரிமத்திலேயே இருந்தது. எடை குறைந்த சிலிக்காத் தூளைப் பெறுவதே அதன் நோக்கம். துளைகளின் ஒழுங்கை எவரும் நோக்கவில்லை. 1997இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதை அப்படியே செய்து பார்த்தபோது கிடைத்தது எம்.சி.எம்.-41. 1990இலேயே ஜப்பானியரும் கானெமைட் என்னும் அடுக்குச் சிலிக்கேட்டிலிருந்து இத்தகைய பொருளைப் பெற்றிருந்தனர். மொழியியல் பயின்றோர்க்கு இது வியப்பன்று: வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது.

அடுத்த வினா, அத்துளைகளில் கரிமப் பொருளை எவ்வாறு இருத்துவது என்பது. பெங்களூரு ஜக்கூரில், ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் சி.என்.ஆர். ராவ், ஈஸ்வரமூர்த்தி ஆகியோர் 1990களின் பிற்பகுதியில் உலோக அணைவுச் சேர்மங்களைத் துளைகளுக்குள் அடைத்து வினையூக்கிகளாக்கினர். அங்கே சிலிக்கா வீடு, கரிமம் விருந்தினர். பொதுவாக இம்முறையில் விருந்தினர் துளையை அடைக்கலாம், கசிந்து வெளியேறவும் கூடும்.

1999இல் ஜப்பானின் டொயோட்டா ஆய்வகம், டொரண்டோ, மினசோட்டா ஆகிய மூன்றிடங்களில் தனித்தனியே வேறொரு விடை கிடைத்தது. இரு சிலிக்கான் அணுக்களை ஒரு கரிமப் பாலம் இணைக்கும் மூலக்கூறே அங்குக் கட்டுமானக் கல். ஆகவே கரிமம் சுவரின் பகுதியாகிறது. எரித்தால் பாலமும் அழியும்; எனவே சோப்பு மூலக்கூறுகளைக் கரைப்பானால் கழுவி நீக்கினர். 2002இல் இனகாகி குழுவினர் பென்சீன் பாலம் கொண்டு, சுவரிலேயே படிக ஒழுங்குடைய பொருளை உருவாக்கினர்.

கரிமத்தைச் சிலிக்கானுடன் நேரடியாகப் பிணைக்கும் இதே சிந்தனையை, ஈஸ்வரமூர்த்தி குழுவினர் பின்னர் ஆராய்ந்த அமினோகளிமண்ணிலும் காணலாம். அது துளைத் தேன்கூடன்று, அடுக்குப் பொருள்.

ஆய்வேட்டின் வரலாற்று இயலை எழுதும் மாணவர்கள், புகழ்பெற்ற கட்டுரையோடு நின்றுவிடாமல் பழைய காப்புரிமங்களையும் புரட்டுதல் நன்று. முதன்மை யாருக்கு என்னும் வழக்கு பல வேளைகளில் அங்கேதான் உறங்குகிறது.