சிக்கெடுக்கும் கை: வேதாத்திரியின் அகத்தாய்வும் இல்லறத்துக்குள் வந்த துறவும்

காட்டாங்குளத்தூரில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் பக்கம் போனால் பொத்தேரிக்கு அடுத்த நிலையம் கூடுவாஞ்சேரி. 1911 ஆகஸ்ட் 14 அன்று அந்த ஊரில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. தறியில் உட்கார்ந்தார், மருத்துவம் கற்றார், நெசவுத் தொழில் நடத்தினார், இல்லறம் நடத்தினார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். 1984இல் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் அமைந்தது. 2006 மார்ச் 28 அன்று மறைந்தார். ஞானியரின் வரலாற்றில் நாம் தேடும் ஒரு நாள், வீட்டைவிட்டு வெளியேறிய நாள், இதில் இல்லை. ரமணருக்கு அந்த நாள் உண்டு: 1896 ஆகஸ்ட் 29, மதுரை. பட்டினத்தாரின் கதையோ அந்த நாளைச் சுற்றியே பின்னப்பட்டது.

வேதாத்திரி தம் பயிற்சிக்கு எளியமுறைக் குண்டலினி யோகம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரைக் கொண்டே, பழைய துறவை வீட்டுக்காரர்களுக்காக நீர்க்கவைத்தவர் அவர் என்று சொல்லிவிடலாம். நான் அதை மறுக்கிறேன். அவர் துறவின் எந்தப் பகுதியை வீட்டுக்குள் கொண்டுவந்தார், எதை வெளியே நிறுத்தினார் என்று பிரித்துப் பார்த்தால், கடினமான பகுதியே உள்ளே வந்திருப்பது தெரியும்.

பிரித்துப் பார்க்கத் திருக்குறளின் அதிகார வைப்பு உதவுகிறது. ஆசையும் சினமும் அறத்துப்பாலில் இரண்டிரண்டு இடங்களில் பேசப்படுகின்றன. இல்லறத்தானுக்குப் பொறையுடைமை (16), வெஃகாமை (18). துறவிக்கு வெகுளாமை (31), அவாவறுத்தல் (37). இல்லறத்தான் பிறர் செய்த தீங்கைப் பொறுத்தால் போதும், பிறர் பொருளுக்கு ஆசைப்படாமல் இருந்தால் போதும். சினம் எழவே கூடாது, அவா வேரோடு போக வேண்டும் என்பவை துறவிக்குரியவை. பரிமேலழகர் துறவறவியலை மேலும் விரதம், ஞானம் என இரண்டாக வகுக்கிறார். வெகுளாமை விரதத்தில் அடங்குகிறது, அவாவறுத்தல் ஞானத்தில். இந்தப் பகுப்பு இங்கே மிக முக்கியம். விரதம் என்பது பழகிப் பழகி வருவது. ஞானம் அப்படிப் பழகி வருவதன்று, கனிவது.

தன்னைத் தானே ஆராயும் பயிற்சியான வேதாத்திரியின் அகத்தாய்வில் எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று பயிற்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. 'நான் யார்' என்ற கேள்வி அவற்றுக்குப் பிறகுதான். தலைப்புகளின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். சினத்துக்குத் தவிர்த்தல், கவலைக்கு ஒழித்தல். ஆசைக்கு மட்டும் சீரமைத்தல். சினத்தைப் பொறுத்தவரை அவர் பொறையுடைமையோடு நிற்கவில்லை, வெகுளாமையையே குடும்பஸ்தரிடம் கேட்கிறார். ஆசையைப் பொறுத்தவரை அவாவறுத்தலைக் கேட்கவில்லை, வெஃகாமையின் பக்கம் நிற்கிறார். விரதமாகப் பழகக்கூடியது வீட்டுக்குள் வந்தது. ஞானத்தில் கனிய வேண்டியதை அவர் முன்கூட்டியே கட்டளையாக்கவில்லை. எதைப் பழக்கத்தால் பெறலாம், எதைப் பெற முடியாது என்று ஒரு தொழிலாளி அறிவதைப் போன்ற அறிவு இது.

பயிற்சி நடக்கும் விதம் இன்னும் தெளிவு தரும். கையில் ஒரு நோட்டு. முதலில் ஆசைகளை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும்: இது தேவையா, இதற்கு வசதி இருக்கிறதா, இதனால் என்ன விளையும்? சினத்துக்கு எழுதுவது வேறு பட்டியல். யார் யார் மீது கோபம் வருகிறதோ அவர்களின் பெயர்கள். அதிலிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் மீது இனிக் கோபம் கொள்வதில்லை என்று உறுதி செய்து, அவரை வாழ்த்தி, தவறிய நாளில் மறுபடி தொடங்க வேண்டும். இந்தப் பட்டியலை நேர்மையாக எழுதிப் பாருங்கள். முதல் நான்கு பெயர்களும் ஒரே ரேஷன் கார்டில் இருக்கும். காட்டுக்குப் போனவருக்கு இந்தப் பெயர்கள் கண்ணெதிரே இல்லை. வீட்டில் இருப்பவர் அந்தப் பட்டியலின் முதல் பெயரோடு உட்கார்ந்துதான் இரவுச் சாப்பாடு சாப்பிட வேண்டும். அதனால்தான் இதை நீர்க்கவைத்த துறவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தறி அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இராது. பாவில் இழை சிக்கினால் நெசவாளர் கத்தியை எடுப்பதில்லை, அறுத்தால் துணியே போய்விடும். விரல் நுனியால் எந்த இழை எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்து, ஒன்றைத் தளர்த்தி, அடுத்ததை விடுவிப்பார். தானாகவே அறுந்த இழையை முடிந்துவிட்டு நெசவைத் தொடர்வார். இதிலிருந்துதான் வேதாத்திரி தம் முறையை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சிக்கெடுப்பதும் விடுதலைதான், அறுப்பது ஒன்றே விடுதலை அன்று என்பதை அந்தக் குழித்தறியில் வளர்ந்த ஒருவருக்கு யாரும் வாதிட்டு விளக்கியிருக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதுவும் இதே ரயில் பாதையிலிருந்தே எழுகிறது. காட்டாங்குளத்தூருக்கு அடுத்த நிலையமான மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. அங்கே வேலை செய்தவரிடம் போய் விட்டுவிடு, சினம் தவிர் என்று சொல்வது எப்படி அறமாகும்? விடுதல் வேறு, பறிகொடுத்தல் வேறு. தன் கையில் இருப்பதைத்தான் ஒருவர் விட முடியும். அக விடுதலையைப் பேசும் எந்த நெறியும் புறத்தில் நடந்த இழப்பை மனத்தின் குறையாக மாற்றிவிடும் அபாயம் உண்டு. ஆசையைச் சீரமைக்கச் சொல்லும் பாடம், கூலி கேட்பவரின் வாயை அடைக்கவும் பயன்படலாம். இதை மழுப்பக் கூடாது.

ஆனால் மறுப்புக்கான விடையின் ஒரு பகுதி அந்த நோட்டிலேயே இருக்கிறது. கவலைகளை வேதாத்திரி நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. நான்காவது பிரிவு மற்ற மூன்றையும் போன்றதன்று. அது செயலைக் கேட்கிறது. 2022 கோடையில் இழப்பீட்டுத் தொகைக்காக அந்த ஆலைத் தொழிலாளர்கள் போராடியது இந்த நான்காவது பிரிவில் சேரும். அவர்கள் மனப்பக்குவம் இல்லாதவர்கள் என்று அகத்தாய்வின் பேரால் யாரும் தீர்ப்பளிக்க இடமில்லை. சினம் தவிர்ப்பது கோரிக்கையைக் கைவிடுவது ஆகாது. வாயிலில் கோரிக்கைக்காக நின்றுவிட்டு வீடு திரும்புபவர் அந்தக் கோபத்தைப் பிள்ளையின் மீது இறக்காமல் இருப்பதே அது.

ஒருவர் தம் கவலையை எந்தப் பிரிவில் எழுத வேண்டும் என்று பிறர் சொல்லலாமா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. சொல்லலாகாது என்பது என் துணிபு. பயிற்சியில் பேனா எழுதுபவர் கையில்தான் இருக்கிறது. முதலாளியோ ஆசிரியரோ கணவனோ அதை வாங்கி எழுதத் தொடங்கும்போது அந்த நோட்டு அகத்தாய்வு நோட்டாக இருப்பதில்லை.