சுண்ணாம்பும் காயிலும்: ஆத்தூர் வெற்றிலையிலிருந்து ஒரு குறிப்பு

போன மாதம் துபாயில் இருக்கும் மருமகன் வீடியோவில் பேசிக்கொண்டே கையில் எதையோ திருகிக்கொண்டிருந்தான். "என்னலே அது?" என்றேன். "வேப்புக்குக் காயில் மாத்துறேன் மாமா. ருசி போயிட்டு."

நமக்கோ ஆராய்ச்சிப் புத்தி. விடாமல் கேட்டேன். காயில் என்பது சூடாகும் சின்னக் கம்பிச் சுருள். 1 ஓம் அளவு காயிலுக்கு 10, 15 வாட் போதும், 0.2 ஓம் என்றால் 50 வாட்டுக்கு மேல் கேட்குமாம். புதுக் காயிலின் பஞ்சை நன்றாக ஊறவிட வேண்டும். காயிலில் போட்டிருக்கும் குறைந்த வாட்டில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றணும். ருசி ஏறும். ஒரு இடத்தில் பஞ்சு கருகின வாடை வரும். அதற்கு முந்தி நிறுத்தினால் அதுதான் சரியான அளவு.

கேட்கக் கேட்க எனக்கு ஆத்தூர் ஆச்சி ஞாபகம். அவளுடைய காயில் வெற்றிலை, வாட் சுண்ணாம்பு. நாட்டுக்கொடியா கற்பூரியா என்று பார்த்து, இலை கனத்துக்கு ஏற்ப விரல் நுனியில் சுண்ணாம்பு எடுப்பாள். குறைந்தால் சப்பென்றிருக்கும், கூடினால் வாய் வெந்துவிடும்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில், பழையகாயல், முக்காணி தாண்டி ஆத்தூர். தாமிரபரணித் தண்ணீரில் வளர்கிற கொடிக்கால்கள். இலையைச் சக்கை, மாத்து, ராசி, சன்னம் என்று தரம் பிரிப்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

பக்கத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ சொன்னதில் இந்த வெற்றிலை வருகிறது. ஊரே எந்நேரமும் இலையை மென்றுகொண்டிருக்கிறது, வசதி உள்ளவர்கள் கற்பூரமும் வாசனைப் பொருளும் சுண்ணாம்பும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்கிறார். ஒருவனை அவமானப்படுத்த அவன் முகத்தில் துப்புவார்கள், அதில் சண்டை மூளும் என்பதுவரை எழுதியிருக்கிறது. ஆனால் புகையிலை இல்லை. இருக்கவும் முடியாது. அது அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் காலத்தில்தான் இங்கே வந்தது.

டச்சுக்காரர் 1658-இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்கள் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெரிய சரக்கு.

நான் சொல்ல வருவது இதுதான். புகையிலை புதிதாக ஒரு பழக்கத்தை உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. பல நூற்றாண்டு பழகிய ருசி ஒன்று தாம்பாளத்தில் தயாராக இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கூடவே இன்னொரு வசதி: சுண்ணாம்பு காரம். காரம் பட்டால் புகையிலையின் நிகோடின் உப்பு நிலையிலிருந்து விடுபட்டு, கன்னத்தின் உட்புறம் வழியாகச் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். ருசிக்காக ஆச்சி பார்த்த அளவு, போதைக்கும் அளவாகிப் போனது.

வேப்பிலும் இதே கதைதான், தலைகீழாக. 2015 வாக்கில் நிகோடினோடு பென்சாயிக் அமிலம் சேர்த்தார்கள். தொண்டை கமறாது, அதனால் நிறைய இழுக்கலாம். மாம்பழ வாசனை மேலே, நிகோடின் கீழே. வாட் அதிகமானால் ருசி மட்டுமா கூடும்? திரவம் அதிகச் சூட்டில் சிதைந்து ஃபார்மால்டிஹைடு மாதிரியான நஞ்சுகளும் கூடும். தமிழ்நாடு 2018-இலும் இந்திய அரசு 2019-இலும் இதைத் தடை செய்துவிட்டன.

வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை. கொடிக்கால்காரர் பிழைப்பு அது. ஆனால் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்டது. புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆச்சி கடைசி இரண்டு வருஷம் வாயை ரெண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியாமல் கஞ்சிதான் குடித்தாள்.

மருமகனிடம் ஒன்று கேட்டேன்: "ருசி சரியா அமைஞ்ச பிறகு ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுக்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "எண்ணிப் பார்த்ததில்ல மாமா."

ஆச்சியும் எண்ணியதில்லை. அடுத்த முறை பேசும்போது எண்ணிச் சொல்கிறேன் என்றிருக்கிறான். சொன்னால் இங்கேயே எழுதுகிறேன்.