கோவிவன் என்றொரு நாய்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். 7-ம் நூற்றாண்டு, மகேந்திர பல்லவன் காலம். எருமைகளுக்காக நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் செத்து விழுந்தான். அவனுடைய நாய் கோவிவன் ஓடவில்லை. இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம். கல்லில் அதற்கும் உருவம் உண்டு, பெயரும் உண்டு!

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலுக்குள்ளும் ஒரு காவல் நாய் இருக்கிறது. பெயரே ‘வாட்ச்டாக்’. ப்ராசஸர் ஒரே வேலையில் சிக்கி, மற்றவற்றுக்கு வழிவிடாமல் 20 செகண்டுக்கு மேல் கிடந்தால் டைமர் இன்டரப்ட் வந்து குரைக்கும். சரி, அந்தக் குரைப்பே காதில் விழாதபடி ப்ராசஸர் உறைந்துவிட்டால்? யாரும் தடுக்க முடியாத இன்னொரு இன்டரப்ட், சுமார் 10 செகண்டில் எட்டிப் பார்த்து, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டது என்று எழுதிவைத்துவிடும்.

எஜமான் விழுந்த பிறகும் விழித்திருந்தால்தானே அது காவல்!