உள்ளே யார், வெளியே யார்? அவுஸ்திரேலிய கிரிக்கெட்டில் தெரிவு நடக்கும் விதம்

அவுஸ்திரேலியாவின் டெஸ்ட் அணி அறிவிக்கப்படும் நாளில் அந்த நாட்டில் ஒரு வழக்காடல் தொடங்கிவிடும். வானொலி, பத்திரிகை, தொலைக்காட்சி, பார்வையாளர் அரங்கு என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்விகள்தான். அவரை ஏன் எடுத்தார்கள்? இவரை ஏன் விட்டார்கள்? அவருடைய ஃபோர்ம் போய்விட்டதா, வயது போய்விட்டதா? மெல்பேர்ணிலோ சிட்னியிலோ இருக்கும் எங்கள் உறவுக்காரர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால்கூட இந்தப் பேச்சையும் கூடவே கொண்டுவந்து விடுகிறார்கள்.

அந்த நாட்டில் தெரிவை யார் செய்கிறார்கள், ஃபோர்ம் என்று எதைக் கணக்கெடுக்கிறார்கள், நீக்கப்பட்டவர் திரும்பி வருவதற்கு வழி உண்டா என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். ஒருவரின் தொழிலையும் வாழ்நாள் ஆசையையும் இரண்டு மூன்று பேர் ஓர் அறைக்குள் இருந்து தீர்மானிக்கும்போது, அதற்குக் காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டா என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் பட்ட விடயம்.

யார் தெரிவு செய்கிறார்கள்?

அவுஸ்திரேலியாவில் தேசிய தெரிவுக்குழு சிறியது. அண்மைய ஆண்டுகளில் முன்னாள் வீரர் ஜோர்ஜ் பெய்லி தலைவராகவும், டொனி டொடமெய்ட், தலைமைப் பயிற்றுவிப்பாளர் அன்ட்ரூ மெக்டொனால்ட் ஆகியோர் உறுப்பினர்களாகவும் இருந்து வந்துள்ளனர். அணியை அறிவித்த பின்னர் தலைவர் ஊடகவியலாளர்கள் முன் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வார். நீக்கப்படும் வீரருக்கு முன்கூட்டியே நேரில் அல்லது தொலைபேசியில் தகவல் சொல்லப்படும். இன்று இது வழமை.

முன்னர் அப்படி இருக்கவில்லை. 1970-71 ஆஷஸ் தொடரின் கடைசிப் போட்டிக்கு முன் அணித்தலைவர் பில் லோரி பதவியிலிருந்தும் அணியிலிருந்தும் ஒன்றாக நீக்கப்பட்டார். தெரிவாளர்கள் அதை அவரிடம் நேரே சொல்லவில்லை. வேறு ஆட்கள் மூலம்தான் செய்தி அவரை எட்டியது. அவருக்குப் பின் தலைவரான இயன் சப்பல் அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பிற்காலத்திலும் கசப்போடுதான் பேசிவந்தார்.

இன்றைய முறைக்கு வழிவகுத்தது 2011இல் வெளிவந்த ஆர்கஸ் அறிக்கை. 2010-11இல் சொந்த மண்ணில் இங்கிலாந்திடம் 3-1 என்று ஆஷஸ் தொடரை இழந்த பிறகு, வர்த்தகத் தலைவர் டொன் ஆர்கஸ் தலைமையில் ஒரு மீளாய்வு நடந்தது. தெரிவுக்குழுத் தலைவர் முழுநேரப் பணியாளராக இருக்க வேண்டும், பயிற்றுவிப்பாளரும் அணித்தலைவரும் தெரிவில் பங்கேற்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அன்ட்ரூ ஹில்டிச்சின் இடத்துக்கு ஜோன் இன்வெராரிட்டி வந்தார். அணித்தலைவரைத் தெரிவாளராக்கிய ஏற்பாடு மட்டும் நீடிக்கவில்லை. தன்னோடு உடைமாற்றும் அறையில் இருக்கும் ஒருவரை நீக்குவதற்குக் கையுயர்த்துவது லேசான காரியம் இல்லை. 2013இல் மைக்கல் கிளார்க் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

தெரிவாளர்களும் தப்புவதில்லை. 2016 நவம்பரில் ஹோபார்ட்டில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அவுஸ்திரேலியா 85 ஓட்டங்களுக்குச் சுருண்டு, இனிங்ஸ் தோல்வி கண்டது. அதைத் தொடர்ந்து தெரிவுக்குழுத் தலைவர் ரொட் மார்ஷ் பதவி விலகினார். அடுத்த டெஸ்ட்டில் மட் ரென்ஷோ, பீட்டர் ஹான்ட்ஸ்கோம்ப், நிக் மடின்சன் என்று மூன்று துடுப்பாட்ட வீரர்கள் ஒரே நாளில் அறிமுகமானார்கள். அந்தக் கலவரத்தில் காணாமற் போனவர் கலம் ஃபேர்கசன். ஹோபார்ட்டில்தான் அவர் அறிமுகமானார். முதல் இனிங்ஸில் 3 ஓட்டங்களோடு ரன் அவுட், இரண்டாவதில் 1. அதுவே அவருடைய முதலும் கடைசியுமான டெஸ்ட்.

ஃபோர்ம் என்றால் என்ன?

ஃபோர்ம் என்ற சொல்லை எல்லோரும் பாவிக்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு பொருளில் பாவிக்கிறார்கள். தெரிவு விவாதங்களைக் கவனித்துப் பார்த்தால் மூன்று வகையான சான்றுகள் முன்வைக்கப்படுவது தெரியும்.

முதலாவது, அண்மைய ஓட்டக் கணக்கு. அவுஸ்திரேலியாவில் இதற்கான அளவுகோல் ஷெஃபீல்ட் ஷீல்ட். ஆறு மாநில அணிகள் மோதும் இந்த முதல்தரப் போட்டி 1892-93 முதல் நடந்து வருகிறது. ஒவ்வொரு அணிக்கும் பருவத்துக்குப் பத்துப் போட்டிகள், பிறகு இறுதிப்போட்டி. ஷீல்டில் ஓட்டம் குவித்தவருக்கே டெஸ்ட் இடம் என்பது அங்குள்ள பழைய நியாயம்.

இரண்டாவது, கடந்தகாலச் சாதனை. எண்பது டெஸ்ட் ஆடியவர் நான்கு இனிங்ஸில் தவறினால் அவரை நீக்கலாமா?

மூன்றாவது, தெரிவாளரின் கண். இன்னும் பெரிதாக ஓட்டம் எடுக்காத இளைஞரிடம் ஏதோ இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பது.

மூன்றும் ஒரே பெயரைச் சுட்டும்போது விவாதமே எழாது. அவை வேறு வேறு பெயர்களைச் சுட்டும்போதுதான் சண்டை. இதில் பிழைபடாத தெரிவாளர் எவரும் இல்லை. 1928இல் பிரிஸ்பேனில் தன் முதல் டெஸ்ட்டில் 18, 1 என்று ஆட்டமிழந்த ஓர் இளைஞரை அடுத்த போட்டிக்கு நீக்கினார்கள். மூன்றாவது டெஸ்ட்டில் திரும்பவும் எடுத்தார்கள். மெல்பேர்ணில் 79, 112 என்று அவர் பதில் சொன்னார். அவர் பெயர் டொன் பிரட்மன்.

குவித்துவிட்டுக் காத்திருந்தவர்கள்

அணி பலமாக இருக்கும் காலத்தில் ஓட்டம் மட்டும் போதாது. மைக்கல் ஹஸி முதல்தரப் போட்டிகளில் 15,000 ஓட்டங்களைக் கடந்த பிறகு, 30 வயதில், 2005இல்தான் டெஸ்ட் தொப்பியைப் பெற்றார். அடம் வோஜஸ் 2014-15 ஷீல்ட் பருவத்தில் 1,358 ஓட்டங்கள் குவித்து, 35 வயதில் டொமினிக்காவில் அறிமுகமாகி, முதல் இனிங்ஸிலேயே ஆட்டமிழக்காமல் 130 எடுத்தார். 20 டெஸ்ட்களின் முடிவில் அவருடைய சராசரி 61.87. பத்து ஆண்டுகளுக்கு முன்பே எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை.

பிலிப் ஹியூஸின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 2009 மார்ச்சில் டேர்பனில், 20 வயதில், ஒரே டெஸ்ட்டில் இரண்டு சதங்கள் அடித்தவர் அவர். இவ்வளவு இள வயதில் இதைச் செய்தவர் அதற்கு முன் எவரும் இல்லை. அதே ஆண்டு ஆஷஸ் தொடரில் இரண்டு டெஸ்ட்களுக்குப் பிறகு நீக்கப்பட்டார். அதன் பின் உள்ளேயும் வெளியேயுமாகவே அவருடைய காலம் கழிந்தது. 2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் ஷீல்ட் போட்டி ஒன்றில் 63 ஓட்டங்களோடு நின்றபோது பந்து கழுத்தில் தாக்கியது. இரண்டு நாள் கழித்து உயிரிழந்தார். 26ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாட்கள் இருந்தன. அந்த வாரம் அவர் மீண்டும் டெஸ்ட் அணிக்கு அழைக்கப்படுவார் என்று பலரும் எதிர்பார்த்திருந்தார்கள்.

பெரிய பெயர்களை அனுப்பி வைத்தல்

பெரிய வீரர்களை அனுப்புவதில் அவுஸ்திரேலியாவுக்கு இரக்கம் குறைவு என்ற பெயர் உண்டு. 119 டெஸ்ட்கள் ஆடிய விக்கெட் காப்பாளர் இயன் ஹீலி, 1999இல் தன் சொந்த ஊரான பிரிஸ்பேனில் ஒரு டெஸ்ட் ஆடி விடைபெற விரும்பினார். ட்ரெவர் ஹோன்ஸ் தலைமையிலான குழு இணங்கவில்லை. அந்தப் போட்டியில் அடம் கில்கிறிஸ்ட் அறிமுகமானார். அடுத்த டெஸ்ட்டில், ஹோபார்ட்டில், அவர் ஆட்டமிழக்காமல் 149 எடுத்து ஒரு பெரிய துரத்தலை வென்று கொடுத்தார். தெரிவு சரியாயிற்று. ஹீலியின் மனக்குறையும் நியாயமானதுதான்.

2002 பெப்ரவரியில் ஸ்டீவ் வோ ஒருநாள் அணியின் தலைமையை மட்டுமல்லாமல் அணியில் இருந்த இடத்தையும் சேர்த்தே இழந்தார். டெஸ்ட் தலைமை மிஞ்சியது. அதுவும் போகும் என்று எழுதப்பட்ட நேரத்தில், 2003 ஜனவரியில் சிட்னியில், நாளின் கடைசிப் பந்தை எல்லைக்கு விரட்டிச் சதம் அடித்தார்.

டேவிட் வோர்னரின் கதை மறுபக்கம். 2024 ஜனவரியில் சிட்னியில் விடைபெற விரும்புவதாக அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இப்படி ஒரு வழியனுப்பலுக்கு அவர் தகுதியானவரா என்று முன்னாள் சக வீரர் மிட்செல் ஜோன்சன் பத்திரிகையில் கடுமையாக எழுதினார். தொடரின் முதல் போட்டியில், பேர்த்தில், வோர்னர் 164 அடித்தார். வாதம் அத்தோடு அடங்கியது.

ஃபோர்ம் இருந்தும் வெளியே இருக்க நேர்வதும் உண்டு. 2025 ஜூலையில் ஜமேக்காவின் கிங்ஸ்டனில் நடந்த பகலிரவு டெஸ்ட்டில், 562 விக்கெட்டுகள் எடுத்திருந்த சுழற்பந்து வீச்சாளர் நேதன் லயனை விட்டுவிட்டு, நான்கு வேகப்பந்து வீச்சாளர்களுடன் இறங்கினார்கள். மேற்கிந்தியத் தீவுகள் 27 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மிட்செல் ஸ்டார்க் 9 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். லயனின் இடத்தில் ஆடிய ஸ்கொட் போலண்ட் ஹட்ரிக் எடுத்தார்.

இளையவர்கள்: வந்ததும் போனதும்

வோர்னர் போன பின் ஆரம்பத் துடுப்பாட்ட இடம் ஒரு தீராத தலையிடியாகிவிட்டது. முதலில் ஸ்டீவ் ஸ்மித்தை ஏற்றிப் பார்த்தார்கள். அவர் பழையபடி நான்காம் இடத்துக்குத் திரும்பினார். 2024 நவம்பரில் இந்தியாவுக்கு எதிராக நேதன் மெக்ஸ்வீனி அறிமுகமானார். மூன்று டெஸ்ட்களில் 72 ஓட்டங்கள். பும்ராவின் பந்துவீச்சு உச்சத்தில் இருந்த காலம் அது. தொடர் முடியும் முன்பே அவர் நீக்கப்பட்டார். அவருக்குப் பதில் வந்த 19 வயது சாம் கொன்ஸ்டாஸ், மெல்பேர்ணில் பொக்சிங் டே அன்று 65 பந்துகளில் 60 அடித்து அரங்கையே எழுந்து நிற்க வைத்தார். ஏழு மாதங்கள் கழித்து மேற்கிந்தியத் தீவுகளில் ஆறு இனிங்ஸில் 50 ஓட்டங்கள்தான். ஆஷஸ் அணியில் அவருக்கு இடமில்லை.

திரும்பி வரும் வழியைக் காட்டியவர் மார்னஸ் லபுஷேன். 2025 ஜூனில் நீக்கப்பட்ட அவர், ஒக்டோபரில் குயின்ஸ்லாந்து அணிக்காகச் சதங்களாக அடுக்கினார். தெரிவாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆஷஸ் அணியில் மீண்டும் சேர்த்தார்கள். போவதற்கும் வருவதற்கும் ஒரே அளவுகோல் இருந்தால் நீக்கப்பட்டவரும் அதை ஏற்றுக்கொள்வார்.

உஸ்மான் கவாஜா

இந்த விவாதங்கள் எல்லாவற்றையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் கவாஜாவைப் பார்க்கலாம். இஸ்லாமாபாத்தில் பிறந்து, சிறுவனாக அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர். 2011 ஜனவரியில், ரிக்கி பொன்டிங் காயமடைந்தபோது, சிட்னியில் அறிமுகமானார். அவுஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் முஸ்லிம். அதன் பின் பல தடவை நீக்கப்பட்டார். நிதானமாக ஆடும் அவருக்குச் சோம்பேறி என்ற முத்திரை விழுந்தது. அந்த முத்திரைக்கும் தன் பிறப்புக்கும் தொடர்பு உண்டு என்பதை அவரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். ஓட்டக் கணக்கு எல்லோருக்கும் பொதுவானது. பார்க்கும் கண் அப்படியல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

2019 ஆஷஸ் தொடரின் நடுவில் மீண்டும் நீக்கப்பட்டபோது கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். 2022 ஜனவரியில் ட்ரவிஸ் ஹெட்டுக்குக் கொவிட் தொற்றியதால் இடம் கிடைத்தது. 35 வயதில், சிட்னியில், இரண்டு இனிங்ஸிலும் சதம்: 137, ஆட்டமிழக்காமல் 101. 2023இல் ஐசிசியின் சிறந்த டெஸ்ட் வீரரானார். அதே ஆண்டு டிசெம்பரில், எல்லா உயிர்களும் சமம் என்ற வாசகத்தைக் காலணியில் எழுதிக் களமிறங்க விரும்பினார். காசாவை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. ஐசிசி அனுமதிக்கவில்லை. கறுப்புப் பட்டி கட்டி ஆடியதற்குக் கண்டிக்கப்பட்டார். அணியில் அவருடைய இடம் மட்டும் அசையவில்லை.

2025 ஜனவரியில் காலியில் 232 ஓட்டங்கள். இலங்கை மண்ணில் ஓர் அவுஸ்திரேலியர் அடித்த முதல் டெஸ்ட் இரட்டைச் சதம் அது. அதே ஆண்டின் முடிவில் ஆஷஸ் தொடரில் முதுகுப் பிடிப்பு வந்தது. அவருக்குப் பதில் ஆரம்ப வீரராக இறங்கிய ஹெட், பேர்த்தில் 83 பந்துகளில் 123 அடித்தார். அடிலெய்ட் டெஸ்ட்டில் கவாஜாவுக்கு இடம் இல்லை என்றானது. நாணயச் சுழற்சிக்குச் சற்று முன் ஸ்மித்துக்கு உடல்நலம் சரியில்லாமல் போக, 39ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள் உள்ளே வந்து 82 எடுத்தார். 2026 ஜனவரியில், தொடங்கிய அதே சிட்னியில், தானே நாள் குறித்து விடைபெற்றார்.

நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

அவுஸ்திரேலிய முறை அப்பழுக்கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஃபேர்கசனும் மெக்ஸ்வீனியும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் அங்கே முடிவெடுத்தவரின் பெயர் ஊருக்குத் தெரியும். அவர் முகத்தைக் காட்டிக் காரணம் சொல்கிறார். அந்தக் காரணம் பிழை என்று யாரும் எழுதலாம். நீக்கப்பட்டவர் மறுநாள் எந்த மைதானத்துக்குப் போய் எதை நிரூபிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் நாட்டில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, தேசிய அணிகளுக்கு விளையாட்டு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். தெரிவாளர்கள் எடுத்த அணியின் மேல் அரசியல்வாதி ஒருவரின் கையொப்பம். 2017 டிசெம்பரில் இந்தியா புறப்படவிருந்த ஒருநாள் அணி வீரர்கள் அந்த ஒப்புதல் கிடைக்காமல் திருப்பி அழைக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

பட்டியல்களில் தங்கள் பிள்ளைகளின் பெயரைத் தேடி, இல்லாததற்குக் காரணம் கேட்டு, பதில் கிடைக்காமல் திரும்பிய அனுபவம் எங்கள் சனத்துக்கு நிறையவே உண்டு. ஒரு கிரிக்கெட் அணியின் பட்டியலை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒருவருடைய பெயரை நீக்கியவர் நாலு பேர் முன்னால் வந்து நின்று ஏன் என்று சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு ஒரு விளையாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அடுத்த தடவை அவுஸ்திரேலிய அணி அறிவிக்கப்படும்போது, பெயர்களைப் பார்த்த பிறகு அந்த ஊடகச் சந்திப்பையும் ஒருக்கால் பாருங்கள்.